பட்டன்களைப் பேசவைத்த அக்கா

முதல் சந்திப்பிலேயே அந்த அக்கா என்னைப் பொய்யன் ஆக்கிவிட்டார்.

மலேசியாவில் எங்கள் ஈப்போ நகரில் பார்வையற்றோருக்காக நடந்த ஒரு விருந்து அது. எட்டு வயதில் வந்த காய்ச்சலோடு என் பார்வை போய்விட்டது. ஆனாலும் கீபோர்டு கற்று, பாட்டுக்கு இசையமைத்து, அங்கே புந்தோங் பகுதியில் என் வீட்டு உள்ளறையிலேயே ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தேன். மேடையில் என்னை அறிமுகப்படுத்தியவர் மைக்கில் முழங்கினார். "கண்ணு தெரியாட்டியும் தானே பாட்டு ரெக்கார்ட் பண்றாரு, தானே மிக்ஸ் பண்றாரு!" கைதட்டல் எழுந்தது. அது எனக்குப் பழகிப்போன கைதட்டல். எங்கே போனாலும் கிடைக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் யாரோ பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். தைல வாசனை வந்தது. கைப்பை மேசைமேல் கனமாக விழுந்தது.

"எந்த சாப்ட்வேர்ல ரெக்கார்ட் பண்றீங்க?" ஒரு பெண் குரல். நடுவயது இருக்கும்.

பெயரைச் சொன்னேன்.

"அது பேசாதே. ஸ்கிரீன் ரீடர் போட்டாலும் வாயத் திறக்காது. எப்புடி மிக்ஸ் பண்றீங்க?"

"மச்சான் இருக்காரு, அக்கா. நான் சொல்லச் சொல்ல அவரு மௌஸ் பிடிச்சு செய்வாரு."

"அப்ப நீங்க பண்ணல."

மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தினார்கள். என் காதுக்கு அது நன்றாகவே கேட்டது. கோபம் வர வேண்டிய இடம். ஆனால் அதிர்ச்சியில் கோபம்கூட வரவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. கண் தெரியாதவனிடம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மறுவாரம் அவரே போன் செய்தார். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு இல்ல. ஆனா சொல்லிட்டு வீட்டுல சும்மா இருக்க முடியல. சனிக்கிழமை வாரேன்."

தைப்பிங்கை அடுத்த கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதுவது அவர் வேலை. அங்கிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தார். தெருமுனையில் திரும்பும்போதே அந்தக் காரின் பெல்ட் கீச்சிடும். என் மனைவி உடனே தேத்தண்ணிக்கு அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைப்பாள். பிறகு பல மாதங்கள் எங்கள் சனிக்கிழமைகள் அந்தக் கீச்சலோடுதான் தொடங்கின.

ஸ்கிரீன் ரீடர் என்பது திரையில் எழுதியிருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் ஒன்று. கடிதம் படிக்கும், செய்தி படிக்கும், கடைச் சாமானின் விலை படிக்கும். பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருளுக்கு வந்தால் மட்டும் ஊமையாகிவிடும். அங்கே எழுத்து இல்லை. திருகுவதும் தள்ளுவதும் எல்லாம் படமாக வரைந்து வைத்திருந்தார்கள். அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு பெயர் எழுதி வைக்க வேண்டும் என்று வரைந்தவர்களுக்குத் தோன்றவில்லை. நான் விசையைத் தட்டத் தட்ட அது "பட்டன், பட்டன், பட்டன்" என்றுதான் சொல்லிக்கொண்டு போகும். எது குரலைக் கூட்டும், எது பாட்டையே அழிக்கும், ஒன்றும் தெரியாது.

முதல் சனிக்கிழமை அக்கா அதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என் மனைவியைக் கூப்பிட்டு ஒரு துண்டு கேட்டார். குளித்துவிட்டுத் துவட்டுகிற துண்டு. அதை மானிட்டர் மேல் போட்டு மூடினார்.

"ஏன்கா அதைப் போய் மூடுறீங்க?" என்றாள் என் மனைவி.

"கண்ணு தெரிஞ்சா கை சோம்பேறி ஆயிரும்லா."

அதுதான் அவர் வேலை செய்யும் முறை. துண்டைத் தூக்கிவிட்டு எழுதுவார். எழுதி முடித்ததும் துண்டை இறக்கிவிட்டு, விசைகளை மட்டும் தட்டி, மென்பொருள் என்ன சொல்கிறது என்று கேட்பார். தப்பாகச் சொன்னால் "போடோ!", முட்டாள், என்று அதை மலாய் மொழியில் திட்டுவார். மனிதர்களை அவர் அந்த வார்த்தையால் திட்டி நான் கேட்டதில்லை. மனிதர்களுக்கு வேறு ஒன்று வைத்திருந்தார். "எப்புடித் தெரியும்?"

மழை வரும் போலிருக்கு என்று மனைவி சொன்னால், "எப்புடித் தெரியும்?" செமோரில் இருக்கிற ஜோசியர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், "எப்புடித் தெரியும்?" கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத்தான் யாராலும் தாங்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் அதன்பிறகு சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை.

என் மனைவி ஒரு நாள் சம்பல் வைத்துவிட்டு, "நல்லா இருக்காக்கா?" என்று கேட்டாள்.

"உப்பு கூட."

அவள் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை நங்கென்று வைத்தது எனக்குக் கேட்டது. ஆனால் தீபாவளிக்கு முறுக்கு சுட்டபோது முதல் முறுக்கை எடுத்து வைத்து, "அக்கா வரட்டும், அவங்கதான் சொல்லணும்" என்றாள். அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன அன்று எங்கள் வீட்டில் அவள் பாடிக்கொண்டே இருந்தாள்.

இதில் பெரிய வேடிக்கை, அக்காவுக்குப் பாட்டே பிடிக்காது. சுருதி தெரியாது, தாளம் தெரியாது. நான் புதிதாக இசையமைத்ததை ஒரு முறை ஆசையாகப் போட்டுக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஓடச் சொன்னா ஓடுது, நிறுத்தினா நிக்குது. எனக்கு அது போதும்" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பாட்டே பிடிக்காத ஒருவர் எதற்காகப் பாட்டு மென்பொருளோடு இப்படி மல்லுக்கட்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவி கேட்டேவிட்டாள். "ஏன்கா எதையும் மூஞ்சிக்கு நேரா சொல்றீங்க? கொஞ்சம் பூசி மெழுகினா என்னா?"

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். அவர் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே தொழிலாளர் குடியிருந்த லயமும் இல்லை, மரமும் இல்லை, எல்லாம் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள் ஆகிவிட்டன. ஆறாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில் அவர் அம்மாவை ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இவரைச் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்பாராம். நல்லா இருக்காங்க, சாப்பிட்டாங்க, உன்னைத்தான் கேட்டாங்க என்பார்களாம். சித்தி மட்டும் இல்லை. லயத்தில் இருந்த அத்தனை பேரும். கூடப் படித்த பிள்ளைகளும்.

"பரீட்சை முடிஞ்ச அன்னிக்குத்தான் சொன்னாங்க. அதுக்குள்ள அம்மாவ எடுத்தாச்சு. மொத பரீட்சைக்கு முன்னாடியே எடுத்தாச்சு." அவர் தண்ணீர் குடித்தார். "உன்னைத்தான் கேட்டாங்கன்னு சொன்னாங்க பாரு, அன்னிக்கெல்லாம் அம்மா மண்ணுக்குள்ள. நான் நல்லா எழுதினேன். எல்லாத்துலயும் ஏ."

என் மனைவியின் கை என் முழங்கையைப் பிடித்தது. அந்தப் பிடி இறுகிக்கொண்டே போனது. அக்கா சாதாரணமாக, "ரசம் இருக்கா?" என்று கேட்டார்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் என் மனைவியின் தம்பி. நானும் அவனை மச்சான் என்பேன், அவனும் என்னை மச்சான் என்பான். பகலில் ஒரு லாரிக் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. எங்கள் வீட்டுக்குப் பின் வரிசையில் வீடு. வேலை முடிந்து வந்து, வருடக்கணக்காக என் பக்கத்தில் உட்கார்ந்து மௌஸ் பிடித்தவன் அவன்தான். காசு வாங்க மாட்டான். "வயலின்ல கூர்ப்பு ஜாஸ்தி, கொஞ்சம் எடு" என்பேன். "எடுத்தாச்சு" என்பான். "ம், இப்ப சரி" என்பேன். இப்படித்தான் எங்கள் பாட்டுகள் எல்லாம் உருவாயின. அக்கா வர ஆரம்பித்த பிறகு அவனும் சனிக்கிழமைகளில் வந்து உட்கார்வான். நான் முன்னறையில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக் கொடுக்கும்போது, உள்ளறையில் அவர்கள் இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது கேட்கும்.

அந்த மென்பொருள் பேசிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. அன்று மச்சான் இன்னும் வந்திருக்கவில்லை. அக்கா துண்டை இறக்கிவிட்டு என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். "தட்டு" என்றார்.

தட்டினேன். "தடம் ஒன்று. குரல்" என்றது இயந்திரக் குரல். இன்னொரு விசை. "ஒலி அளவு." இன்னொன்று. "இடம் வலம். நடு." எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருடம் பட்டன் பட்டன் என்று உளறியது இப்போது ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைக்கிறது. நான் சத்தமாகச் சிரித்தேன். மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஈரக் கையோடு ஓடிவந்து நின்றாள்.

"பழைய பாட்டு ஏதாச்சும் திறந்து பாரு" என்றார் அக்கா.

மாரியம்மன் பாட்டு ஒன்றைத் திறந்தேன். எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டு. அதில் குரலுக்கு ஒரு கதகதப்பு இருக்கிறது என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கதகதப்பைக் கொண்டுவர எத்தனை சாயங்காலம் உட்கார்ந்தேன் என்று நான் மேடையிலேயே பேசியிருக்கிறேன். குரலின் கனத்தையும் கூர்மையையும் மாற்றுகிற பகுதிக்குப் போனேன்.

"பேஸ், பூஜ்யம்" என்றது. "மிட், பூஜ்யம். ட்ரெபிள், பூஜ்யம்."

பூஜ்யம் என்றால் யாரும் தொடவில்லை என்று பொருள். வயலினுக்குப் போனேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். மிருதங்கம். தம்பூரா. எல்லாம் பூஜ்யம்.

"அக்கா, உங்க புரோகிராம் தப்பா சொல்லுது."

"எப்புடித் தெரியும்?"

"நான் மாத்தச் சொன்னேன். மச்சான் மாத்தினான். எனக்குக் கேட்டுச்சு."

"அப்ப நீயே ஒண்ண மாத்திப் பாரு. அம்புக்குறிய அமுக்கு."

குரலுக்குக் கனம் கொடுக்கிற பேஸைக் குறைத்தேன். "மைனஸ் மூணு" என்றது. பாட்டை ஓட விட்டேன். அதே குரல், நெஞ்சுக்கூட்டை யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல ஒல்லியாக ஒலித்தது. நான் கையை எடுத்துவிட்டேன். மூன்று என்றால் இவ்வளவா? மூன்று குறை, இரண்டு கூட்டு என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். இப்படி ஒரு மாற்றத்தை ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்னொரு பாட்டைத் திறந்தேன். இன்னொன்று. பழையது, புதியது, கல்யாணப் பாட்டு, விளம்பரப் பாட்டு. பூஜ்யம், பூஜ்யம். இயந்திரக் குரலுக்கு வருத்தமும் தெரியாது, தயக்கமும் தெரியாது. சொல்லிக்கொண்டே போனது. பின்னால் நின்றிருந்த என் மனைவி எப்போது உள்ளே போனாள் என்று தெரியவில்லை.

மச்சான் ஏமாற்றினான் என்பது ஒரு பக்கம். என் காது என்னை ஏமாற்றியது என்பதுதான் என்னை அடித்துப் போட்டது. கண் இல்லாதவனுக்கு இருப்பது காது ஒன்றுதான் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதையே நம்பியிருந்தேன். அந்தக் காது, நடக்காத ஒன்றை நடந்ததாகக் கேட்டு, "ம், இப்ப சரி" என்று தலையாட்டியிருக்கிறது. அந்தக் கதகதப்பு என் வேலை இல்லை. பாடிய பெண்ணின் தொண்டையிலேயே இருந்தது அது.

சாயங்காலம் மச்சான் வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டைத் திறந்து விசையைத் தட்டினேன். "பேஸ், பூஜ்யம்" என்றது. அவன் அறை வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மச்சான், மொத ரெண்டு மூணு பாட்டுக்கு எல்லாம் செஞ்சேன், சத்தியமா" என்றான். "ஒரு நாளு நீ வயலின்ல கூர்ப்ப எடுன்னு சொன்ன. கை நழுவி வேற எங்கயோ கிளிக் பண்ணிட்டேன். ஒண்ணுமே மாறல. திரும்பப் பண்றதுக்குள்ள, 'ஆ, இப்ப சரி'ன்னு நீயே சொல்லிட்ட. அவ்வளவு சந்தோஷமா சொன்ன. நான் என்னா சொல்றது?"

"அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லியிருக்கணும். சொல்லல. அப்புறம் வேலைல அலுத்து வர்ற நாள்ல, போகப் போக எல்லா நாளும், சின்னச் சின்னது சொன்னியன்னா, சும்மா இருந்துட்டு எடுத்தாச்சுன்னுருவேன். பெருசெல்லாம் செஞ்சேன் மச்சான். வெட்டுறது, ஒட்டுறது, இந்தக் காதுக்கு அந்தக் காதுக்குன்னு சத்தத்தப் பிரிக்கிறது, எல்லாம் செஞ்சேன். இந்தச் சின்னதுங்கதான்..."

"போயிரு" என்றேன். போய்விட்டான். சமையலறையில் என் மனைவி குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அக்காவிடம் கேட்டேன். "உங்களுக்குக் கண்ணு தெரியும். திரைல எல்லாம் பூஜ்யமா இருக்கிறது முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

இரண்டாவது அதிர்ச்சி அது. முகத்துக்கு நேராகப் பேசுவதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர், வாராவாரம் என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"ஏன்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா, மச்சான் பேச்ச நம்புனதுக்குப் பதிலா என் பேச்ச நம்பியிருப்ப. அவ்வளவுதான் வித்தியாசம். நீ கேட்டிருந்தா மறைச்சிருக்க மாட்டேன். நீ கேக்கல."

அதன்பிறகு நான் தனியாகவே மிக்ஸ் செய்ய ஆரம்பித்தேன். கைக்கு வந்தது எல்லாம் கோணல். அளவு தெரியாமல் கூட்டினேன், அளவு தெரியாமல் குறைத்தேன். ஒரு கோயில் நிர்வாகி பாட்டைக் கேட்டுவிட்டு, "பழைய பாட்டெல்லாம் நல்லா இருந்துச்சே சார், இது என்னா தகர டின்னுக்குள்ள பாடுற மாதிரி இருக்கு?" என்றார். உண்மைதான். நாற்பது வயதுக்கு மேல் நான் முதல் பாடத்திலிருந்து கற்றுக்கொண்டிருந்தேன். ஆனால் கோணல் என்னுடைய கோணல். மைனஸ் மூணு என்றால் மைனஸ் மூணுதான்.

அக்கா இப்போது இல்லை. தைப்பிங் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது அறை நிறைய ஆள். லூமுட்டிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். அவருக்கும் என்னைப்போலப் பார்வை இல்லை. அக்கா எழுதியதை வைத்துத்தான் அவர் வீட்டிலேயே வானொலி விளம்பரங்கள் பதிவு செய்கிறாராம். எனக்கு அதுவரை தெரியாது. அக்காவும் சொன்னதில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, "ஒண்ணும் ஆகாது, சீக்கிரம் வீட்டுக்கு வந்துருவீங்க" என்றார்கள்.

"வர மாட்டேன். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்" என்றார் அக்கா ஒவ்வொருவரிடமும்.

என் முறை வந்தது. என் வாயில் வந்த எல்லா வார்த்தையும் பொய்யாகவே இருந்தது. ஒவ்வொன்றையும் விழுங்கிவிட்டு, கடைசியில், "பயமா இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றார். என் கையைத் தேடிப் பிடித்தார். அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் என் கையைப் பிடித்தது அந்த ஒரு முறைதான். கை சில்லென்று இருந்தது. நான் கிளம்பும்வரை விடவில்லை.

ஆனால் அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அதற்கும் முன்னால் நடந்தது. மச்சான் எங்கள் வீட்டுப் படி ஏறாமல் பல மாதங்கள் ஓடியிருந்த சமயம். ஒரு நாள் காலையில் கணினியைத் திறந்தேன். மென்பொருள் தானாகவே புது வெர்ஷனுக்கு மாறியிருந்தது. விசையைத் தட்டினேன்.

"பட்டன்" என்றது. "பட்டன். பட்டன்."

பாதிப் பாட்டு உள்ளே கிடக்கிறது. குரல் எது, மிருதங்கம் எது, ஒன்றும் தெரியவில்லை. நான் மீண்டும் அந்தப் பழைய ஆளாக, யாராவது வந்து கிளிக் செய்யக் காத்திருக்கிறவனாக ஆகிவிட்டேன். அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் அன்றைக்கே விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார்.

கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். "போடோ. எல்லா இடத்தையும் மாத்தி வச்சிருக்கான்" என்றார். பிறகு நாற்காலியைத் தள்ளினார். "மச்சானக் கூப்பிடு."

"அவன் வர மாட்டான். நானும் கூப்பிட மாட்டேன். பொய் சொல்றவன வச்சு என்னக்கா வேலை?"

"என்கிட்ட அவர் பொய் சொன்னதில்ல."

எனக்குப் புரியவில்லை.

"நான் ரெண்டாவது தடவ வந்தப்பவே திரைல பூஜ்யத்தப் பார்த்துட்டேன். நீ முன்னாடி பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருந்த. இது என்னான்னு அவர்கிட்ட கேட்டேன். ஒண்ணு விடாம சொல்லிட்டாரு. அக்கா, மச்சான்கிட்ட சொல்லிராதீங்கன்னாரு. நான் சொல்ல மாட்டேன், ஆனா இது பேச ஆரம்பிச்சா அதுவே சொல்லிரும்னேன். எப்ப பேசும்னாரு. நாளாகும், எனக்குப் பாட்டு தெரியாது, எந்தப் பட்டன் எதுக்குன்னே தெரியல, தெரிஞ்சா சீக்கிரம் முடியும்னேன்."

மேசையில் தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அடுத்த வாரம் அவரே வந்து உக்காந்தாரு. இது எதுக்கு, அது எதுக்கு, எத மாத்தினா என்னா ஆகும்னு ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தாரு. ஒரு சனிக்கிழமையும் தவறல. நான் புரோகிராம்தான் எழுதினேன் தம்பி. பட்டனுக்கெல்லாம் பேரு சொன்னது அவரு."

முன்னறையில் பிள்ளைகள் ஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்க, உள்ளறையிலிருந்து வந்த அந்தத் தாழ்ந்த பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது. என்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவன் தன்னைக் காட்டிக் கொடுக்கப்போகிற ஒன்றைத் தானே உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

"அந்தப் பேஸ், மிட், ட்ரெபிள்... அதையுமா?" என்று கேட்டேன்.

"அதைத்தான் மொதல்ல செய்யுங்கன்னாரு."

நான் எழுந்தேன். கம்பை எடுக்கவும் தோன்றவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே பின்பக்கமாக இறங்கி, இரண்டு வரிசைக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக, பின் வரிசையில் அவன் வீட்டு இரும்புக் கேட்டைத் தட்டினேன். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைத் தேய்த்துக்கொண்டு அவன் வந்தான். என்னைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான்.

"தனியாவா வந்த?" என்றான்.

"ஏன்டா நீயே சொல்லல?"

"வாய் வரல மச்சான். எத்தனையோ தடவ வந்தேன். உன் மூஞ்சியப் பார்த்தா வாய் வரல. சரி, அது பேசட்டும்னு விட்டுட்டேன்."

கேட்டின் கம்பிகளை நாங்கள் இருவரும் பிடித்துக்கொண்டு நின்றோம். சொல்ல நினைத்ததைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

"புது வெர்ஷன் வந்திருக்கு" என்றேன். "எல்லாத்தையும் இடம் மாத்தி வச்சிருக்கான். அக்காவுக்கு ஒண்ணும் புரியல. உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"அக்காவா சொன்னாங்க?"

"நானும்தான் சொல்றேன்."

அவன் மூக்கை உறிஞ்சினான். பிறகு பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"இரு மச்சான், சட்டைய மாட்டிட்டு வாரேன்" என்றான்.